மதிலுக்கு அந்தப் பக்கம் டிரம்

உட்காருங்கள் தம்பி. இந்த பெஞ்சு ஆடும். இந்த ஓரமாக உட்கார்ந்தால் அவ்வளவு ஆடாது. நம்மை உள்ளே விடமாட்டார்கள். கேட்டில் நிற்கிற போலீஸ்காரரிடம் நான் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "பரீட்சை எழுத வந்தது நீங்களா உங்க பிள்ளையா அண்ணாச்சி?" என்றார். 

யாருக்காக வந்திருக்கிறீர்கள்? மச்சானா. டிரம்பட்டா? அப்படியென்றால் உங்களுக்கு மத்தியானம் ஆகிவிடும். முதலில் டிரம். அதிலும் முதலில் பெரிய டிரம். என் மகள் அதற்குத்தான் போயிருக்கிறாள். ஹெப்சிபா. ஆமாம், பெண்பிள்ளைதான். பெரிய டிரம் பெண்பிள்ளை தூக்குமா என்றுதானே யோசிக்கிறீர்கள்? பன்னிரண்டு வயதிலிருந்து தூக்குகிறாள்.

போலீஸ் பேண்டு பரீட்சை வேறு ஒன்றும் இல்லை தம்பி. டிரம்மை நெஞ்சில் மாட்டிக்கொண்டு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அடித்துக்கொண்டே நடக்க வேண்டும். பின்னால் இருபது போலீஸ்காரர்கள் பூட்ஸோடு வருவார்கள். இடது காலுக்கு ஒரு அடி, வலது காலுக்கு ஒரு அடி. அடி ஒழுங்காக விழுந்தால் இருபது பேர் காலும் ஒரே கால் மாதிரி விழும். இல்லையென்றால் சரளைக்கல்லைக் கொட்டின மாதிரி கேட்கும். மைக்கில் பெயர் சொல்லமாட்டார்கள், நம்பர்தான். எல்லா வாத்தியக்காரர்களுக்கும் கலந்து, உள்ளே போன பிறகுதான் நம்பரை நெஞ்சில் குத்திவிடுகிறார்கள். அதனால் என் மகள் நம்பர் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஆயிரம் பேர் அடித்தாலும் என் பிள்ளை அடி எனக்குத் தெரியும்.

கேளுங்கள், ஆரம்பிக்கிறார்கள். ஏழு என்றுதானே சொன்னார்கள்?

இது இல்லை. இது யாரோ கோயில் கொடைக்கு அடித்த கை.

எங்களுக்கு ஊர் சீயோன்விளை. திருச்செந்தூர் போகிற வழியில் உள்ளே பிரிய வேண்டும். எங்கள் சபை பேண்டில் பெரிய டிரம் மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில்தான். முதலில் என் தாத்தா மாசிலாமணி. அப்புறம் என் தகப்பனார் சுவிசேஷமுத்து. அப்புறம் நான், செல்வின். ஹெப்சி நாலாவது. எனக்கு ஆண்பிள்ளை இல்லை. அந்தக் குறை எனக்கு இருந்ததில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் டிரம் எடுத்த அன்றைக்கே அது போய்விட்டது. அப்படித்தான் நினைக்கிறேன்.

தாத்தாவுக்கு டிரம் வந்தது ஒரு கதை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் எங்கள் சபைக் கோயிலுக்கு மணி வந்தது. மாட்டு வண்டியில் கொண்டுவந்து கயிறு கட்டி இறக்கினார்கள். கயிறு நழுவிவிட்டது. மணி நேரே தாத்தாவின் வலது பாதத்தில் இறங்கியது. மூன்று விரல் போயிற்று. ஊரில் யாருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கும்? மணியின் முதல் சத்தம் எங்கள் வீட்டுக் காலில்தான். பிறகு தாத்தாவால் வேலைக்குப் போக முடியவில்லை. குருவானவர் பார்த்தார். "மாசிலாமணி, நீ டிரம்மைப் பிடி. உன்னால வேகமா நடக்க முடியாது. ஊர்வலமும் வேகமாப் போகக்கூடாது. ரெண்டும் சரியாப் போச்சு" என்றார். அன்றையிலிருந்து சபையே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகை, கிறிஸ்துமஸ் பவனி, கல்யாணம், அடக்கம், எல்லாவற்றுக்கும் முன்னால் தாத்தா. பின்னால் ஊர்.

அடுத்த நம்பர் என்ன சொன்னார்கள்? பதினாறா. இதுவும் இல்லை. நல்ல கைதான். ஆனால் எங்கள் கை இல்லை.

எங்கள் அடி எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? இந்த பெஞ்சிலேயே காட்டுகிறேன். டம்ம்... டம். டம்ம்... டம். கேட்டீர்களா? இடது காலுக்கு நின்று விழும். வலது காலுக்கு விழுந்தும் விழாமல் எழுந்துவிடும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளை முதல் கிழடு வரை இந்த அடிக்குத்தான் நடக்கும். எங்கள் ஊர்ப் பெண்களை வேறு ஊரில் கட்டிக் கொடுத்தால், அந்த ஊர் பேண்டுக்கு நடக்கும்போது சேலை தடுக்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் பொறாமையில் ஏதாவது சொல்வார்கள். "சீயோன்விளை பேண்டு வருது, நொண்டிக்கு வழி விடுங்கல" என்பார்கள். என் தகப்பனார் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அவருக்கு இரண்டு காலும் நல்ல கால். ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் டிரம்மை மாட்டிவிட்டால் தாத்தா நடை வந்துவிடும். எனக்கும் அப்படித்தான். தாத்தா பின்னால் அப்பா நடந்து படித்தார், அப்பா பின்னால் நான் நடந்து படித்தேன். முன்னால் போகிறவர் காலைப் பார்த்து அடி, உன் கையைப் பார்க்காதே என்பார் அப்பா.

இருங்கள். இருபத்து மூன்று என்கிறார்கள்.

...

கேட்டீர்களா இதை? தையல் மிஷின் மாதிரி. டக் டக் டக் டக். ஏதோ பட்டாளத்துக்காரர் வீட்டுப் பிள்ளையாக இருக்கும். பூட்ஸ் சத்தத்தைக் கேளுங்கள், இருபது பேர் ஒரே கால். சரிதான், ஒத்துக்கொள்கிறேன், கால் நன்றாகத்தான் விழுகிறது. ஆனால் அதில் ஆள் இருக்கிறானா? வீடு இருக்கிறதா? ஒரு தகப்பன் பின்னால் நடந்து படித்த அடியா அது? கிடையாது. மிஷின். முடிக்கிறதைக்கூடப் பாருங்கள், அளந்து வெட்டின மாதிரி.

போகட்டும். இவனுக்கு வேலை கிடைக்கும். இந்தக் காலத்தில் இதைத்தான் கேட்கிறார்கள்.

டீ சாப்பிடுகிறீர்களா? எனக்கு வேண்டாம்.  ஒன்று சொல்கிறேன், நீங்கள் அந்நியர், அதனால் சொல்கிறேன். நான் கெட்டவனா என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மைதானத்துக்கு வந்தோம். எழுத்துப் பரீட்சையில் நல்ல மார்க். ஓட்டம், உயரம், எல்லாம் தேறிவிட்டாள். டிரம்மில் போய்விட்டது. இன்ஸ்பெக்டர் ஒருவர், நல்ல மனுஷர், அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "கை நல்லா இருக்கும்மா, ஆனா உன் அடி நொண்டுது. யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டாராம். "எங்கப்பா" என்றாளாம்.  பஸ்ஸில் திரும்பும்போது நான்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். அந்த இருபது போலீஸ்காரர்கள் காலுக்கு நம்ம அடி பழக்கமில்லை என்றேன். இப்போது அவளுக்கு இருபத்தாறு. அடுத்த தடவை வயசு தாண்டிவிடும். இது கடைசி.

இந்த வருடம் அவள் போனில் என்னத்தையோ இறக்கி வைத்துக்கொண்டாள். அது டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், அதற்கு ஏற்ற மாதிரி இவள் அடிப்பாள். சாப்பாட்டு மேசையில் இரண்டு விரலால் அடிப்பாள். சோறு பொங்கும்போது கரண்டியால் அடிப்பாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள். "அப்பா, நீங்க இதுகூட அடிங்க" என்றாள். அடித்தேன். எட்டு அடிக்குள் அது ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன்.

"பாத்தியளா?" என்றாள்.

"போன் சரியில்ல" என்றேன்.

"போன் சரியாத்தான் இருக்கு. இடது நீளுது, வலது குறையுது. அப்பா, பூட்டனுக்குக் கால் நொண்டி. அவங்க நடந்த மாதிரி அடிச்சாங்க. தாத்தா அதைப் பாத்து அடிச்சாங்க. நீங்க அதைப் பாத்து அடிக்கிய. உங்க காலு நல்லாத்தான இருக்கு? நீங்க ஏன் நொண்டணும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பியூலா, என் வீட்டுக்காரி, அவளும் அடுப்படியில் சிரித்தாள். "நானும் முப்பது வருசமா இந்த நொண்டி நடைதான் நடக்கேன், இப்பத்தான் காரணம் தெரியுது" என்றாள்.

நான் பதினொரு நாள் ஹெப்சியோடு பேசவில்லை.

ராத்திரி படுத்தால் யோசிப்பேன். பிள்ளை சொல்வது சரியாக இருந்தால்? எண்பது வருடமாக ஒரு ஊரே எங்கள் தாத்தாவின் மூன்று விரலுக்காக நொண்டியிருக்கிறது என்றால்? என் தகப்பனாரை அடக்கம் பண்ணும்போது நான்தான் அடித்தேன். பெட்டி தூக்கினவர்கள் எல்லோரும் அந்த அடிக்குத்தான் நடந்தார்கள். அது தப்பு என்றால் எதெல்லாம் தப்பு? இப்படி யோசிப்பேன். விடிந்ததும் மறுபடி கோபம் வந்துவிடும். கோபம் வந்தால் ஒரு நிம்மதி இருக்கிறது தம்பி.

இன்றைக்குக் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த கேட்டு வரைக்கும் வந்தோம். உள்ளே போகப்போகிறாள். அப்போது பேசினேன். பதினொரு நாளைக்குப் பிறகு. என்ன பேசினேன் தெரியுமா? "நம்ம அடியை அடிச்சா நீ என் மக. அந்தப் போன் அடியை அடிச்சா, அங்கேருந்தே எங்கேயாவது போயிரு. வீட்டுக்கு வராத."

வாய் சொல்லிவிட்டது. நல்லா போயிட்டு வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுதான் எனக்கே விளங்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள்.  கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் எப்போதும் உள்ளே போவாள். இன்றைக்குப் பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இருங்கள், இருங்கள். என்ன நம்பர்? முப்பத்தொன்று. சத்தம் போடாதீர்கள்.

...

இதுதான். தம்பி, இதுதான். டம்ம்... டம். கேட்கிறதா? டம்ம்... டம். என் பிள்ளை. பாருங்கள், நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். என் கையைப் பாருங்கள், மயிர் சிலிர்த்து நிற்கிறது.

பூட்ஸ் கலைகிறது. கேட்கிறதா? சரளைக்கல் கொட்டுகிறார்கள். ஐயோ, பாதி மைதானம்கூட வரவில்லை. வேகமாகிறாளே. ஏட்டி, வேகமாகாத. நில்லு. இடதில் நில்லு.

நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மைக்கில் சொன்னது கேட்டதா? "போதும், அடுத்து" என்றார்கள்.

...

போயிற்று.

நான் கேட்டதுதான் கிடைத்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும். இல்லையா? மகள் தகப்பன் சொல்லைக் கேட்டிருக்கிறாள். இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்? ஆனால் அந்தப் பூட்ஸ் கலைந்தபோது, அடியை நேராக்கு, நேராக்கு என்று என் கால் இந்த பெஞ்சுக்கு அடியில் அடித்தது. நீங்கள் பார்த்தீர்களோ என்னவோ. தையல் மிஷின் மாதிரியாவது அடிச்சிரு பிள்ளே என்று கெஞ்சியது. அப்படியென்றால் நான் காலையில் சொன்னது யாருக்காக? தாத்தாவுக்கா? அவருக்கு இது தெரியவா போகிறது. எனக்காகத்தான். டிரம்மை இறக்கி வைத்துவிட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியாது. அதற்காக ஒரு பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போட்டேன்.

கடைசி நம்பரும் முடிந்துவிட்டது போல. போன் அடிக்கிறது. வீட்டிலிருந்து. கொஞ்சம் இருங்கள்.

சொல்லு பியூலா. இன்னும் வரல. என்னது? என்ன இல்ல? பீரோவிலயா? எல்லாத்தையுமா? நான் ஒண்ணும் சொல்லல. நான் என்னத்தச் சொன்னேன்? சும்மா சொன்னேன். கோவத்துல சொன்னேன். நீ அழாத. நீ வைய்யி, நான் பாத்துக்கிடுதேன்.

பீரோவில் அவள் துணி எதுவும் இல்லையாம் தம்பி. சர்டிபிகேட்டெல்லாம் எடுத்திருக்கிறாளாம். அந்தப் பையில் அதுதான் இருந்திருக்கிறது. நான் இன்றைக்குக் காலையில்தானே சொன்னேன். அவள் நேற்றே துணியை எடுத்து வைத்திருக்கிறாள். அப்படியென்றால் நான் என்ன சொல்வேன் என்று அவளுக்கு நேற்றே தெரிந்திருக்கிறது.

ஆனால் நம்ம அடியைத்தானே அடித்தாள்? அடித்தவள் ஏன் போக வேண்டும்? பயப்பட ஒன்றும் இல்லை. வருவாள். வந்ததும் கூட்டிக்கொண்டு போய் நல்லதாக ஏதாவது சாப்பாடு வாங்கிக் கொடுக்க வேண்டும். வேலை போனால் போகிறது, வேறு வேலை இல்லையா? டீச்சர் வேலைக்குப் படிக்கச் சொல்லலாம். இருபத்தாறு ஒரு வயசா?

மைக்கில் ஏதோ சொல்கிறார்கள். பெரிய டிரம் முடிந்துவிட்டது. தேறினவர்கள் நம்பர். ஏழு. பதினாறு. இருபத்து மூன்று. அவ்வளவுதானா? மூன்று பேர்தான். பாருங்கள், அந்தத் தையல் மிஷினை எடுத்துவிட்டார்கள். நான் அப்போதே சொன்னேன்.

கேட்டைத் திறந்துவிட்டார்கள். தேறாதவர்கள் வருகிறார்கள். நீங்கள் உயரமாக இருக்கிறீர்கள், கொஞ்சம் பாருங்கள். முப்பத்தொன்று என்று நெஞ்சில் குத்தியிருக்கும். பச்சைச் சுடிதார். சின்ன உருவம்தான்.

இருக்கிறதா? எங்கே?

அவனா?

அது ஆண்பிள்ளை தம்பி. மீசை வைத்திருக்கிறானே. நம்பரைச் சரியாகப் பாருங்கள். மூன்று, ஒன்றுதானா?

இங்கேதான் வருகிறான், டீ குடிக்க. தம்பி, இங்க வாங்க. உக்காருங்க. நீங்களா முப்பத்தொண்ணு? எந்த ஊரு? சங்கரன்கோவிலா? சீயோன்விளையில யாரும் சொந்தம் உண்டா? கேள்விப்பட்டதே இல்லையா. சரி, சரி. யாருகிட்டப் படிச்சிய? யாருகிட்டயும் இல்லையா. யூடியூப்ல பாத்தா? அந்த அடி, இடதுல நின்னு விழுந்துச்சே, அது எங்கேருந்து வந்துச்சு?

...

பயத்துல கால் நடுங்கிருச்சாம்.

சரி தம்பி. போய் டீ குடிங்க. அடுத்த வருசம் பாக்கலாம். அழக்கூடாது.

கேட்டீர்களா? பயத்தில் கால் நடுங்கியதாம். அவ்வளவுதான். அதைக் கேட்டுத்தான் எனக்கு மயிர் சிலிர்த்தது. எங்கள் தாத்தா, எங்கள் அப்பா, எங்கள் வீடு என்றேன். சங்கரன்கோவில்காரன் நடுக்கம் அது.

அப்படியானால் என் பிள்ளை எதை அடித்தாள்? மொத்தம் எத்தனை பேர் அடித்தார்கள்? பதினைந்து பேர் இருக்குமா? எல்லாவற்றையும் கேட்டேனே. கதை சொல்லிக்கொண்டே இருந்ததில் ஒன்றிரண்டு விட்டிருக்கும். நடுவில் போன் வந்தது. அப்போது அடித்திருப்பாள். ஆமாம், போன் வந்தபோதுதான்.

இல்லை. போன் வந்தபோது எல்லோரும் முடித்துவிட்டார்கள்.

தம்பி, அங்கே பாருங்கள். கேட்டுக்கு வெளியே, அந்தச் சுவரை ஒட்டி. பச்சைச் சுடிதார். தேறினவர்களைச் சாப்பிட வெளியே விட்டிருக்கிறார்கள் போல. அவள்தான். தோளில் பை. என் கண்ணுக்கு இவ்வளவு தூரம் தெரியாது, நீங்கள் நம்பரை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். வேண்டாம், சொல்ல வேண்டாம். இரண்டு... இரண்டு, மூன்று. எனக்கே தெரிகிறது.

நம்மைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாள். ரோட்டைத் தாண்டமாட்டாள். நான்தானே வராதே என்றேன். சொன்ன சொல்லைக் கேட்கிற பிள்ளை, அதையும் கேட்கிறாள். சாப்பாட்டுக்குக் கடை இந்தப் பக்கம்தான் இருக்கிறது, ஆனாலும் வரமாட்டாள். மத்தியானம் மறுபடி உள்ளே போய்விடுவாள், அப்புறம் அந்த வாசல் வழியாக ஹாஸ்டலுக்கோ, பயிற்சிக்கோ எங்கேயோ போய்விடுவாள். நான் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

போகிறேன் தம்பி. நான்தான் போக வேண்டும். போய் என்ன சொல்ல? நல்லா அடிச்ச ஏட்டி என்று சொல்லலாம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரும். ஆனால் அவள் உடனே கேட்பாள், எனக்கு அவளைத் தெரியும். "உங்களுக்குக் கேட்டுச்சாப்பா? எது என் அடின்னு தெரிஞ்சுச்சா?" என்று கேட்பாள். அதைத்தான் முதலில் கேட்பாள். பன்னிரண்டு வயதிலிருந்து ஒவ்வொரு பவனி முடிந்ததும் அதைத்தான் கேட்கிறாள்.

உங்களிடம் ஒரு உதவி. அவளை இங்கே கூட்டிக்கொண்டு வருவேன். வந்தால், சாப்பிட உட்கார்ந்தால், பேச்சுவாக்கில் நீங்களாகச் சொல்வது மாதிரி சொல்ல வேண்டும். இருபத்து மூன்று என்று மைக்கில் கூப்பிட்டு முதல் அடி விழுந்ததும், உங்க அப்பா பெஞ்சை விட்டு எழுந்திரிச்சு, "இது என் பிள்ளை"ன்னு சொன்னாரும்மா என்று. அவ்வளவு போதும். நீங்கள் அந்நியர், நீங்கள் சொன்னால் நம்புவாள்.

சொல்வீர்கள்தானே?